ஆயிரம் பொன்னுக்கு ஒரு கொலை

2006-ல் வெளிவந்த 'ஆப்லிவியன்' என்ற கணினி விளையாட்டில் ஒரு கொலைக்கு அபராதம் 1000 பொன். அடிதடிக்கு 40. அடுத்தவர் பையில் கைவிட்டு மாட்டிக்கொண்டால் 25. அத்துமீறி ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் வெறும் 5. கிட்டத்தட்ட ஹோட்டல் சுவரில் எழுதிப் போட்டிருக்கும் விலைப்பட்டியல் மாதிரிதான். காவலன் ஓடி வருவான். காசைக் கட்டு, ஜெயிலுக்குப் போ, இல்லாவிட்டால் சண்டைக்கு வா என்று மூன்று வழி சொல்வான். காசைக் கட்டினால் திருட்டுப் பொருளைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். கணக்கு தீர்ந்தது.

சரி, அந்த 1000 பொன் யாருக்குப் போகிறது? செத்தவனுக்குப் பெண்டாட்டி இருந்தால் அவளுக்கா? இல்லை. காவலன் வாங்கிக்கொள்கிறான், அதோடு அந்தப் பணம் ஆட்டத்தை விட்டே காணாமல் போகிறது. அவள் மறுநாள் காலையில் எழுந்து வழக்கம்போலத் தன் வேலையைப் பார்க்கப் போவாள். கொன்றவன் எதிரில் வந்தால் வணக்கம்கூடச் சொல்வாள்.

ஃபேன்டசி ரோல் பிளேயிங் விளையாட்டுகளில் குற்றமும் தண்டனையும் இத்தனை வருடமாகச் சொதப்புவதற்குக் காரணம் இந்த ஒரு காட்சியில் இருக்கிறது. தண்டனை போதவில்லை என்பது குறை இல்லை. கடுமையான தண்டனைகள் எத்தனையோ வந்து போய்விட்டன. குற்றம் யாருக்கு நடந்தது என்பதையே இந்த விளையாட்டுகள் மறந்துவிடுகின்றன, அதுதான் குறை.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் அமெரிக்காவில் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தான் இந்த வகைக்கு மூலம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். அதில் ஒருவர் 'டன்ஜன் மாஸ்டர்'. ஊர், காடு, அரக்கன், கடைக்காரன், ராஜா எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு பாத்திரம்: போர்வீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன். செய்யப்போவதை வாயால் சொல்ல வேண்டும், பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். கணினியில் வந்தவை எல்லாம் இதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

அந்த முதல் விதிகளில் ஒரு வேடிக்கை உண்டு. கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு அனுபவப் புள்ளி. புள்ளி சேர்ந்தால் லெவல் ஏறும். அதாவது அடுத்தவன் குகைக்குள் ஆயுதத்தோடு புகுந்து, அவனைத் தீர்த்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால்தான் ஹீரோ வளருவான். குகையில் இருப்பது காப்ளின் என்றால் அதற்குப் பெயர் வீரம். ஊரில் இருப்பது மளிகைக்கடைக்காரர் என்றால் அதற்குப் பெயர் குற்றம். செயல் என்னவோ ஒன்றுதான். யாரை ஆளாக மதிப்பது, யாரை மதிக்க வேண்டாம் என்பதில்தான் வித்தியாசம். குகையில் பழகிய கை ஊருக்குள் வந்ததும் அடங்கி உட்காருமா என்ன?

அடங்கவில்லை. அதற்கு அந்தக் காலத்துப் பரிகாரம் வானத்திலிருந்து வந்தது. 1978-ல் வந்த 'அட்வான்ஸ்டு' பதிப்பின் விதிப்படி, பாலடின் என்ற புனித வீரன் தெரிந்தே ஒரு தீய செயலைச் செய்தால் அந்த நிமிடமே அவன் பட்டம் போய்விடும். திரும்பக் கிடைக்கவே கிடைக்காது. விசாரணை இல்லை, சாட்சி இல்லை, அப்பீல் இல்லை. தீர்ப்பு சொல்வது கடவுள். அந்தக் கடவுளோ மேசைக்கு அந்தப் பக்கம் முறுக்கு தின்றுகொண்டிருக்கும் அதே டன்ஜன் மாஸ்டர்! சரணடைந்த எதிரியைக் கொல்வது தீய செயலா, இல்லையா என்று ராத்திரி முழுக்கக் கத்திவிட்டு, மறுவாரம் ஆட்டத்துக்கே வராமல் போனவர்கள் எத்தனை பேரோ. இதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாலடின் கடவுளுக்குப் பதில் சொல்கிறான். செத்தவனின் வீட்டாருக்கு அங்கே வேலையே இல்லை.

கணினிக்கு வந்தபோது கடவுளின் இடத்தில் எண்கள் வந்து உட்கார்ந்தன. 1998-ன் 'பால்டர்ஸ் கேட்' விளையாட்டில் கூட்டத்துக்கே சேர்த்து 'நற்பெயர்' என்று ஒரு எண், 1 முதல் 20 வரை. அப்பாவியைக் கொன்றால் சரசரவென்று இறங்கும். இறங்கினால் கடையில் விலை ஏறும், கூட இருக்கும் நல்லவர்கள் முணுமுணுத்துவிட்டு விலகிப் போவார்கள், படைவீரர்கள் தேடி வருவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கோயிலில் காணிக்கை போட்டால் எண் திரும்ப ஏறிவிடும். உண்டியலில் போட்டால் பாவம் கரைந்துபோகும் என்ற கணக்கு எல்லா ஊரிலும் ஒன்றுதான் போல. 2000-ல் வந்த இரண்டாம் பாகத்தில் இன்னும் ஒரு படி மேலே. அத்காட்லா நகரத் தெருவில் மந்திரம் போடுவது சட்டவிரோதம். மீறினால் முக்காடு போட்ட மந்திரவாதிகள் திடீரென்று தோன்றி எச்சரிப்பார்கள், அடுத்த முறை அடிக்கவே வருவார்கள். ஆனால் 5000 பொன் கொடுத்து லைசென்ஸ் வாங்கிவிட்டால் தெருவில் நெருப்பு மழையே பொழியலாம். உண்மையைச் சொன்னால், சட்டம் என்பது பல இடங்களில் எப்படி இருக்கிறது என்பதை இந்த லைசென்ஸ் காட்டிய அளவுக்கு வேறெந்த விளையாட்டும் காட்டவில்லை. வேண்டுமென்றே காட்டினார்களா என்பது வேறு விஷயம்.

ஆப்லிவியன் ஜெயில் இன்னும் தமாஷ். கட்டிலில் படுத்தால் போதும், தண்டனைக் காலம் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடிவிடும். சில திறமைகள் மட்டும் கொஞ்சம் குறையும். அதையும் ஆட்டக்காரர்கள் விட்டுவைக்கவில்லை. குறைந்த திறமையை மறுபடி வளர்க்கலாம், வளர்த்தால் அதைக் காட்டி லெவல் ஏறலாம் என்று கண்டுபிடித்து, வேண்டுமென்றே உள்ளே போய் வந்தவர்கள் உண்டு. தண்டனை டியூஷன் சென்டர் ஆகிவிட்டது. இவ்வளவுக்கும் மேலே எல்லா நீதிமன்றத்தையும் இழுத்து மூடும் இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன. திருடுவதற்கு முன் எஃப்5, மாட்டிக்கொண்டால் எஃப்9. நடந்தது நடக்கவே இல்லை.

சாட்சி விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆப்லிவியனில் யாராவது ஒருவர் பார்த்துவிட்டால் போதும், அடுத்த நொடியே மாகாணம் முழுக்கக் காவலர்களுக்குத் தெரிந்துவிடும். ஆளாளுக்கு ஞானக்கண். இதைக் கிண்டலடித்தே ஒரு தலைமுறை வளர்ந்தது. 2011-ல் 'ஸ்கைரிம்' வந்தபோது திருத்தினார்கள். ஒன்பது வட்டாரங்கள், ஒவ்வொன்றுக்கும் தனிக் குற்றக் கணக்கு. சாட்சி சொல்ல ஆள் இல்லை என்றால் குற்றமே இல்லை. கேட்க நியாயமாகத் தோன்றும். விளைந்தது என்ன? கடைசி சாட்சியையும் கொன்றுவிட்டால் தலைக்கு வைத்த விலை நீங்கியது என்று திரையில் எழுத்து வரும்! ஒரு கொலையை மறைக்க இன்னொரு கொலை செய் என்று விளையாட்டே கற்றுக்கொடுத்தது. கடைக்காரர் தலையில் வாளியைக் கவிழ்த்துவிட்டு, அவர் கண் மறைந்திருக்கும் நேரத்தில் கடையையே காலி செய்யும் வித்தையும் அதே விளையாட்டில்தான். வாளி தலையில் இருக்கும்போது அவர் ஏன் என்று கேட்கவே மாட்டார். ஆனால் ரிவர்வுட் கிராமத்தில் ஒரு கோழியைக் கொன்றால் ஊரே கத்தியோடு கிளம்பி வரும்.

(அந்தக் கோழி ஒன்றுக்குத்தான் அந்த உலகத்தில் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள்.)

மேசை விளையாட்டில் எஃப்9 கிடையாது. டன்ஜன் மாஸ்டர் ரத்தமும் சதையுமான மனிதர், ஞாபகம் உள்ளவர். அப்படியென்றால் அங்கே தண்டனை ஒழுங்காக நடக்க வேண்டும்தானே? அங்கேதான் இன்னும் மோசம்.

வழக்கமாக நடப்பது இது. திருடன் பாத்திரத்தை ஆடுபவருக்கு அலுப்பு தட்டும். நகைக்கடையில் கை வைப்பார். பகடை கவிழ்க்கும். கடைக்காரர் கூச்சல் போடுவார். திருடன் பதறிக் கத்தியை எடுப்பான். கடைக்காரர் காலி. காவலர்கள் வருவார்கள். மற்ற மூவருக்கும் இதில் சம்பந்தமே இல்லை, ஆனால் ஒரே கூட்டம் என்பதால் எல்லோர் தலையிலும் விடியும். சரணடையலாமா என்று யாராவது கேட்டால் மற்றவர்கள் அவரை முறைப்பார்கள். ஏனென்றால் இந்த விளையாட்டில் பழகியவர்கள் சாவுக்குக்கூடப் பயப்படமாட்டார்கள், ஆயுதத்தைப் பறிகொடுக்கத்தான் பயப்படுவார்கள். செத்தால் புதுப் பாத்திரம் எழுதிக்கொள்ளலாம். இரண்டு வருடம் ஆடிச் சேர்த்த மந்திர வாளைக் காவலன் பூட்டி வைத்தால் தாங்க முடியுமா? அதனால் காவலர்களையும் வெட்டுவார்கள். ஒரு திருட்டு அரை மணி நேரத்தில் எட்டுக் கொலையாகிவிடும்.

டன்ஜன் மாஸ்டர் என்ன செய்வார்? கோபத்தில் ராட்சச பலம் கொண்ட காவலர்களை இறக்குவார். அப்போது ஒருவர் நியாயமாகவே கேட்பார்: இவ்வளவு பலம் உள்ளவர்கள் ஊரில் இருக்கும்போது, டிராகனைக் கொல்ல எங்களை எதற்குக் கூப்பிட்டீர்கள்? பதில் இருக்காது. ஜெயிலில் போடலாம் என்றால் அதுவும் ஆகாது. திருடன் ஒருவனை மட்டும் உள்ளே போட்டால் அவர் மூன்று வாரம் சும்மா உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்க வேண்டும். எல்லோரையும் போட்டால் ஆட்டமே நின்றுவிடும். தண்டனை பாத்திரத்தின் மேல் விழாமல், வேலையெல்லாம் முடித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை ஒதுக்கி வந்திருக்கும் நிஜ மனிதர்கள் மேல் விழுகிறது. குற்றம் செய்யாத மூவர் மேல் கூடுதலாகவே விழுகிறது.

இத்தனை களேபரத்தில் நகைக்கடைக்காரர் எங்கே? தரையில் கிடக்கிறார். அவருக்குப் பெயர்கூட வைக்கப்படவில்லை.

இதில் ஒரு விசித்திரம். இந்த விளையாட்டுகள் எல்லாம் வாள், கோட்டை, குதிரை என்று ஐரோப்பாவின் இடைக்காலத்தைக் காப்பியடிக்கின்றன. ஆனால் தண்டனை மட்டும் நம் காலத்து போலீஸ் ஸ்டேஷனும் சிறைவாசமும். நிஜமான இடைக்காலத்தில் சிறை பெரும்பாலும் விசாரணை வரைக்கும் ஆளைப் பிடித்து வைக்கும் இடம்தான். இத்தனை வருடம் உள்ளே இரு என்பதே தண்டனையாக இருப்பது அப்போது அபூர்வம். அந்தக் காலத்துச் சட்டங்களைக் கொஞ்சம் புரட்டினால், ஒரு டன்ஜன் மாஸ்டருக்கு அவை தங்கச் சுரங்கம்.

இங்கிலாந்தின் கென்ட் பகுதியை ஆண்ட ஈதல்பெர்ட் அரசரின் சட்டம் கிட்டத்தட்ட கி.பி. 600-ல் எழுதப்பட்டது. அதுவும் பார்வைக்கு விலைப்பட்டியல்தான். கட்டைவிரல் போனால் 20 ஷில்லிங், கட்டைவிரல் நகம் போனால் 3. சாதாரண சுதந்திர மனிதனின் உயிருக்கு 100. ஆப்லிவியன் பட்டியலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றலாம். வித்தியாசம் பணம் போகும் இடத்தில் இருக்கிறது. இந்த உயிர்விலை செத்தவனின் உறவினர்களுக்குச் சேர வேண்டும். அதிலும் கொன்றவன் முதல் 20 ஷில்லிங்கைத் திறந்திருக்கும் குழியருகில் கொடுக்க வேண்டும், மிச்சத்தை 40 இரவுகளுக்குள் தீர்க்க வேண்டும். குழி இன்னும் மூடப்படவில்லை. ஒரு பக்கம் பிணம், ஒரு பக்கம் சொந்தக்காரர்கள், நடுவில் பணப்பையோடு கொன்றவன். இந்தக் காட்சியை மேசையில் ஆடிப் பார்த்தால், எந்த ராட்சசக் காவலனும் செய்யாததை அது செய்யும். திருடனை ஆடுபவர் ஏதாவது பேசியாக வேண்டும். என்ன பேசுவார்?

ஐஸ்லாந்தில் நாடு கடத்தல் இரண்டு வகை. சின்னக் குற்றத்துக்கு மூன்று வருடம் வெளியேற வேண்டும். பெரிய குற்றத்துக்கு ஆயுள் முழுக்க, சொத்து பறிமுதல், அதோடு அவனை யார் வேண்டுமானாலும் கொல்லலாம், கேள்வி கிடையாது. இங்கிலாந்தில் துரத்தப்பட்டவன் தேவாலயத்துக்குள் ஓடி ஒளிந்தால் 40 நாள் யாரும் தொடக்கூடாது. அதற்குள் குற்றத்தை ஒப்புக்கொண்டு, சொன்ன துறைமுகத்துக்கு நடந்தே போய்க் கப்பலேறி நாட்டை விட்டுப் போய்விட வேண்டும். சத்தியத் துணை என்று இன்னொன்று. குற்றம் சாட்டப்பட்டவன் நான் செய்யவில்லை என்று சத்தியம் செய்ய, பல நேரம் 12 பேர் இவன் சத்தியத்தை நம்பலாம் என்று கூடச் சேர்ந்து சத்தியம் செய்ய வேண்டும். வந்த ஊரில் பன்னிரண்டு பேரை நல்லபடியாகத் தெரிந்து வைத்திருக்கும் ஹீரோ யார்? பார்த்த கூட்டத்தையெல்லாம் வெட்டிக்கொண்டே போனவனுக்கு ஒரு ஆள்கூடத் தேறாது. இவை எதிலும் ஆட்டம் நிற்பதில்லை என்பதுதான் முக்கியம். நாற்பது நாள் தேவாலயத்துக்குள் அடைந்து கிடப்பதும், தலைக்கு விலையோடு துறைமுகத்துக்கு நடப்பதும் தண்டனைதான், அதேசமயம் அருமையான சாகசமும்கூட. மந்திரம் மாயம் எதுவும் இல்லாத, 1403-ல் போஹீமியாவில் நடக்கும் 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ் 2' (2025) இந்தப் பக்கம் கொஞ்சம் வந்திருக்கிறது. மரச்சட்டத்தில் தலையை மாட்டி ஊர் நடுவில் நிறுத்துவது, பிரம்படி, சூடு போடுவது என்று படிப்படியாக. சூட்டுத் தழும்போடு மறுபடி பெரிய குற்றத்தில் மாட்டினால் தூக்கு. ஆனாலும் அங்கேயும் பறிகொடுத்தவர் பாவம், ஓரமாகத்தான் நிற்கிறார்.

பறிகொடுத்தவரையே நடுவில் நிறுத்திய விளையாட்டுகள் இல்லாமல் இல்லை. 2001-ல் ஜெர்மனியிலிருந்து வந்த 'காத்திக்' ஒன்று. மந்திரத் தடுப்பால் மூடப்பட்ட ஒரு சுரங்கச் சிறைதான் அதன் உலகம் மொத்தமும், அங்கே எல்லோருமே கைதிகள். அடுத்தவன் குடிசைக்குள் நுழைந்தால் அவனே எழுந்து வந்து வெளியே போ என்பான். போகாவிட்டால் அவனே அடிப்பான். கீழே விழுந்ததும் கொல்லமாட்டான், இடுப்பிலிருக்கும் தாதுக்கட்டிகளை (அதுதான் அங்கே பணம்) உருவிக்கொண்டு திரும்பிப் போய்விடுவான். ஹீரோ முனகிக்கொண்டே எழுந்து நடக்க வேண்டும். காவலனும் இல்லை, ஞானக்கண்ணும் இல்லை. ஆனால் அந்தக் குடிசைக்காரன் முகம் மறக்காது. இரண்டாவது முறை அந்தப் பக்கம் போகும்போது கால் தானாகவே சுற்றிப் போகும். 1000 பொன் அபராதம் செய்யாததை ஒரு குத்து செய்துவிட்டது.

இன்னொன்று கையடக்க கேம் பாயில் 1993-ல் வந்த 'செல்டா: லிங்க்ஸ் அவேக்கனிங்'. கறாராகப் பார்த்தால் ரோல் பிளேயிங் வகை இல்லை, போகட்டும். அங்கே கடையில் ஒரு வில் இருக்கும், விலை 980. சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கடைக்காரர் திரும்பி நிற்கும் நேரம் பார்த்து எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம். வில் கையோடு இருக்கும், யாரும் துரத்தமாட்டார்கள். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து ஊரில் யார் பேசினாலும் ஹீரோவின் பெயரைச் சொல்லமாட்டார்கள். ஆட்டம் முடியும் வரை அவன் பெயர் 'திருடன்'. ஆடுபவர் ஆசையாகத் தன் சொந்தப் பெயரை எழுதி வைத்திருந்த இடத்தில்! மறுபடி கடைக்குள் போனால் கடைக்காரர் கொன்றே விடுவார். அந்தச் சாவைவிடப் பெயர் போனதுதான் பல பேருக்கு இருபது வருடம் கழித்தும் ஞாபகம் இருக்கிறது.

பறிகொடுத்தவர் நிஜ மனிதராகவே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் பதில் உண்டு. 1997-ல் 'அல்டிமா ஆன்லைன்' தொடங்கியபோது ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகத்தில் ஒன்றாக ஆடினார்கள். வெளியீட்டுக்கு முன் நடந்த சோதனை ஆட்டத்தில், அந்த உலகத்தின் அரசராக நின்று பேசிக்கொண்டிருந்தவர் அதைப் படைத்த ரிச்சர்ட் காரியட். கூட்டத்திலிருந்த ஒரு ஆட்டக்காரர் மந்திர நெருப்பை வீச, அரசர் அங்கேயே செத்துப்போனார். ராஜாவுக்கே இந்த நிலைமை என்றால் பிரஜைகள் கதியைச் சொல்ல வேண்டாம். ஊருக்குள் 'காவலர்கள்' என்று தட்டச்சு செய்து கத்தினால் காவலன் தோன்றி ஒரே வெட்டு. ஊர் எல்லையைத் தாண்டினால் காடு, அங்கே சட்டம் இல்லை. தாது வெட்டப் போனவரைக் கொன்று சட்டை வரைக்கும் உருவிக்கொள்வார்கள்.

அப்போது கொண்டுவந்த ஒரு முறை இங்கே பார்த்த எல்லாவற்றிலும் புத்திசாலித்தனமானது. கொலையானவரிடம் விளையாட்டே கேட்கும்: கொன்றவர் மேல் புகார் கொடுக்கிறீர்களா? அவர் தலைக்கு விலை வைக்கிறீர்களா? முடிவு செத்தவர் கையில். ஐந்து பேர் புகார் கொடுத்தால் அந்த ஆள் பெயர் சிவப்பாகிவிடும். சிவப்பு ஆளை யார் வேண்டுமானாலும் கொல்லலாம். ஐஸ்லாந்துக்காரர்கள் பார்த்தால் நம்ம ஊர் மாதிரியே இருக்கிறதே என்றிருப்பார்கள். ஆனால் அதுவும் தோற்றது. கொலைக் கணக்கு நாள்பட்டுக் கரையும் என்று விதி. அதுவும் ஆட்டத்தில் இணைந்திருக்கும் மணிக்கணக்கில்தான் கரையும். கொலைகாரர்கள் ராத்திரி முழுக்கக் கணினியை ஓடவிட்டு, பாத்திரத்தை வீட்டுக்குள் நிறுத்திவிட்டுத் தூங்கப் போனார்கள். தண்டனை கரண்ட் பில்லாக முடிந்தது. கடைசியில் 2000-ல் உலகத்தையே இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்றில் சம்மதமில்லாமல் யாரும் யாரையும் தாக்க முடியாது, மற்றதில் பழையபடி. பெரும்பாலானோர் மூட்டை கட்டிக்கொண்டு அமைதியான பக்கம் போய்விட்டார்கள். சட்டத்தால் முடியாததை மதில் சுவர் கட்டி முடித்தார்கள். அதற்குப் பிறகு வந்த பெரிய ஆன்லைன் விளையாட்டுகள் பலவும் சட்டத்தைப் பற்றி யோசிக்காமல் நேராகச் சுவர் கட்டப் போய்விட்டன.

விளையாட்டுக்கு எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி, ஜாலியாகத் திருட விடுங்கள் என்று ஒரு குரல் எப்போதும் வரும். அதில் நியாயம் இருக்கிறது. நிஜத்தில் செய்ய முடியாததைச் செய்து பார்க்கத்தானே வருகிறார்கள். ஆப்லிவியனிலேயே அப்பாவியைக் கொன்றுவிட்டுத் தூங்கினால், விழிக்கும்போது கட்டிலருகில் கறுப்பு உடையில் ஒருவன் நிற்பான், கொலைகாரர்கள் சங்கத்துக்கு அழைப்பு வைப்பான். அந்த விளையாட்டின் மிகச் சிறந்த கதை அங்கேதான் தொடங்குகிறது. குற்றம் கதவைத் திறக்கலாம், தப்பில்லை. ஆனால் அந்தக் காட்சி ஏன் சிலிர்க்கிறது? யாரோ ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான், நடந்ததை அவன் மறக்கவில்லை. அதுதான் காரணம். யாருக்கும் நஷ்டமில்லாத இடத்தில் எடுப்பது திருட்டே இல்லை, தரையில் கிடப்பதைப் பொறுக்குவது. திருடுவதில் சுகம் வேண்டும் என்பவருக்கும் பொருளுக்குச் சொந்தக்காரர் என்று ஒருவர் தேவைப்படுகிறார்.

சட்டம் என்று வந்துவிட்டால் மந்திரத்தையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். இதைத்தான் பல மேசைகள் மறந்துவிடுகின்றன. 2014-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின்படி, பூசாரி பிணத்திடம் ஐந்து கேள்வி கேட்கலாம். பிணம் உண்மைதான் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை, ஆனால் வாய் இருக்க வேண்டும் (கில்லாடித் திருடர்கள் தாடையை உடைப்பது இதற்காகத்தான்). அதற்கும் மேலே, செத்து பத்து நாளுக்குள் இருந்தால் 500 பொன் மதிப்புள்ள வைரத்தை வைத்து ஆளையே எழுப்பிவிடலாம். ஆன்மா வரச் சம்மதிக்க வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. அதே விதிப் புத்தகத்தில் சாதாரணக் கூலியாளின் சம்பளம் ஒரு நாளைக்கு 2 வெள்ளி. 10 வெள்ளி ஒரு பொன். கணக்குப் போட்டால் அந்த வைரம் 2500 நாள் கூலி, ஏழு வருடத்துக்குப் பக்கம். ஒரு காசு செலவழிக்காமல் சேர்த்தால்தான் அதுவும். கூலிக்காரன் செத்தால் செத்ததுதான். அவன் வீட்டில் யாரும் பத்து நாளில் 500 பொன் புரட்டப் போவதில்லை.

ஹீரோக்களின் பையில் மட்டும் அந்த வைரம் இருக்கும். தங்களில் யாராவது செத்தால் எழுப்பிக்கொள்ளத் தயாராக வைத்திருப்பார்கள், ஒன்றே ஒன்று.

ஈதல்பெர்ட் சட்டத்தை இந்த உலகத்துக்குக் கொண்டுவந்தால், நகைக்கடைக்காரர் வழக்கில் தீர்ப்பு தானாகவே வந்துவிடுகிறது. ஜெயில் வேண்டாம், ராட்சசக் காவலர்கள் வேண்டாம், மந்திர வாளைப் பறிக்கவும் வேண்டாம். கடைக்காரரின் மகள் ஊர்ப் பெரியவர்களோடு சத்திரத்து வாசலில் வந்து நிற்கிறாள். அப்பாவைத் திருப்பிக் கொடுங்கள் என்கிறாள். ஒன்பது நாள் ஆகிவிட்டது. நாளைக்குள் வைரத்தைக் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் நால்வருக்கும் இந்த நாட்டில் தண்ணீர்கூடக் கிடைக்காது. திருடனை ஆடுபவர் மற்ற மூவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். அடுத்த வாரம் டிராகன் குகை இருக்கிறது, யார் சாகப் போகிறார்களோ தெரியாது. வைரத்தைக் கொடுப்பதா? மேசையில் அன்றைக்கு இரண்டு மணி நேரம் ஒரு பகடைகூட உருளாது.

கொடுத்தார்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். பூசாரி மந்திரம் சொல்கிறார். வைரம் பொடியாகிறது. டன்ஜன் மாஸ்டர் இப்போது அந்த ஆளுக்கு ஒரு பெயர் வைத்தே ஆக வேண்டும், ஏனென்றால் அவர் கண் திறக்கப் போகிறார். எழுந்து உட்கார்ந்ததும் அவர் பார்க்கும் முதல் முகம் கத்தியோடு கடைசியாகப் பார்த்த அதே முகம். ஊரே சுற்றி நிற்கிறது. அவர் வாயைத் திறந்து என்ன சொல்வார் என்று எந்த விதிப் புத்தகத்திலும் எழுதவில்லை.